நகையும் அச்சமும்: ‘ஆடிஷன்’ என்னும் சப்பானியத் திரைப்படமும் காண்போர் மெய்ப்பாடும்

ஒரு கலைப்படைப்பு காண்போர் உள்ளத்தில் எழுப்பும் உணர்ச்சி அப்படைப்பினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றதா, அன்றிக் காண்போர் தம்முடன் கொண்டுவரும் எதிர்பார்ப்பொடு கூடியே பிறக்கின்றதா என்பது திறனாய்வின் பழைய வினாக்களுள் ஒன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர் இதனை எண்ணிப் பார்த்துள்ளனர். அஞ்சுகின்ற ஒருவனைக் காண்பவர்க்கும் அச்சமே தோன்றவேண்டும் என்னும் நியதி இல்லை. நகையோ இரக்கமோ தோன்றுதலும் கூடும் என்னும் கருத்து உரைமரபில் உண்டு. சப்பானியத் திரைப்படம் ஒன்றைக் கண்டோர் அடைந்த உணர்ச்சிகளை ஆராய்வதற்கு இக்கருத்து பெரிதும் துணைசெய்கின்றது.

அத்திரைப்படம் தகாஷி மீகே இயக்கிய ‘ஆடிஷன்’ ஆகும். ரியூ முரகாமி 1997ஆம் ஆண்டில் எழுதிய புதினத்தைத் தழுவி, டைசுகே தெங்கன் திரைக்கதை அமைத்தார். 1999ஆம் ஆண்டில் வான்கூவர் திரைப்பட விழாவில் முதன்முதல் காட்டப்பெற்ற இப்படம், 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நெதர்லாந்து நாட்டு ரோட்டர்டாம் விழாவில் இடம்பெற்றது. அங்கே காட்சி முடியுமுன்னரே பலர் அரங்கைவிட்டு வெளியேறினர். பெண்மணி ஒருவர் இயக்குநரை நேர்நின்று கொடியவர் எனக் கடிந்துரைத்தார் என்னும் செய்தியும் பரவலாக வழங்குகின்றது. ஆயின் அதே விழாவில் அதே படத்திற்கு அனைத்துலகத் திரைத்திறனாய்வாளர் கூட்டமைப்பின் பரிசும் கிடைத்தது. ஒரு பொருள் ஒரே களத்தில் வெறுப்பையும் பாராட்டையும் ஒருங்கே பெற்றது எவ்வாறு? இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையமைப்பு

படம் மருத்துவமனையில் மனைவியை இழக்கும் ஒருவனைக் காட்டித் தொடங்குகின்றது. அவன் பெயர் அவோயாமா. ஏழாண்டுகள் கழிகின்றன. வளர்ந்துவிட்ட மகன், தந்தை மறுமணம் செய்துகொள்ளலாம் என்கின்றான். திரைப்படத் தொழிலில் உள்ள நண்பன் யோஷிகாவா ஒரு வழி கூறுகின்றான். படம் ஒன்றற்குக் கதைத்தலைவி தேவை என அறிவித்து, வரும் பெண்களுள் தனக்கேற்றவளை அவோயாமா தேர்ந்துகொள்ளலாம் என்பதே அவ்வழி. விண்ணப்பங்களைப் படிக்கும்போதே அசாமி என்னும் பெண்ணிடம் அவன் மனம் சென்றுவிடுகின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் பாலே நடனம் பயின்று, இடுப்பில் நேர்ந்த காயத்தால் அதனைக் கைவிட நேர்ந்தவள் அவள்.

இதுவரையிலும் இதன் பின்னரும் நெடுநேரம் இப்படம் மென்மையான குடும்பக் கதையாகவே நடைபெறுகின்றது. பின்னர் அசாமி மறைந்துவிடுகின்றாள். அவளைத் தேடிச் செல்லும் அவோயாமா அவளுடைய கடந்த காலத்தின் கொடுமைகளை அறிகின்றான். இறுதியில் தன் வீட்டிலேயே, மருந்து கலந்த மதுவால் உடல் செயலற்று, உணர்வு மட்டும் விழித்திருக்கும் நிலையில் அவள் கையில் அகப்படுகின்றான். அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக ஏற்றுகின்றாள். கம்பி கொண்டு பாதத்தை அறுக்கின்றாள். அப்போது அவள் குரல் குழந்தை விளையாட்டின் குரலாக, மகிழ்ச்சி நிரம்பியதாக ஒலிக்கின்றது.

நகையின் இடம்

இப்படத்தைக் கண்டோர் பலரும் இறுதிக் காட்சியையே பேசினர். ஆயின் அதன் ஆற்றலுக்கு வித்து நடுவே அமைந்த தேர்வுக் காட்சியில் உள்ளது என்பது நம் கருத்து. பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து நாற்காலியில் அமர்கின்றனர். ஒருத்தி ஆடுகின்றாள், ஒருத்தி தன் துயரக்கதையைக் கூறுகின்றாள், ஒருத்தி ஆடை களைகின்றாள். விருப்பமான படங்கள் முதல் அந்தரங்க வாழ்க்கை வரை யோஷிகாவா வினவுகின்றான். துள்ளும் இசையோடு விரைந்து மாறும் இக்காட்சியில் அரங்கு நகைக்கின்றது. தமிழிலக்கணம் நகைக்குக் கூறும் நிலைக்களங்களுள் எள்ளலும் பேதைமையும் இங்கே தெளிவாக உள்ளன. அப்பெண்கள் இல்லாத வேலைக்காகத் தம்மை மெய்யாகவே திறந்து காட்டுகின்றனர். தேர்வு முன்னரே முடிந்துவிட்டது என்பதை நாம் அறிவோம், அவர்கள் அறியார். நம் நகை இவ்வறியாமையின்மேல் நிற்பது.

இவ்வாறு நகைத்தவர் அந்த மேசைக்குப் பின்னே, அவ்விரு ஆடவர்க்கு அருகில் தாமும் அமர்ந்துவிட்டார் என்பதே கருதத்தக்கது. இயக்குநர் இதனை உரைத்துக் காட்டவில்லை; கண்டிக்கவும் இல்லை. பின்னர் அசாமியின் அறையைக் காட்டுகின்றார். வெறுந்தரையில் தலை கவிழ்ந்து அவள் அமர்ந்திருக்கின்றாள். அங்கே ஒரு தொலைபேசியும் கட்டிய சாக்கு ஒன்றும் உள்ளன. தொலைபேசி ஒலிக்கின்றது, அவள் முகத்தில் புன்னகை அரும்புகின்றது, சாக்கு உருண்டு புரள்கின்றது. அதுகாறும் பார்க்கும் உரிமை தமக்கே உரியது என்று எண்ணியிருந்த காண்போர், தாமும் எதிர்நோக்கிக் காக்கப்பட்டதை அக்கணத்தில் உணர்கின்றனர். நகை மருட்கையாகவும் மருட்கை அச்சமாகவும் திரியும் இடம் இதுவே.

இறுதிக் காட்சியிலும் நகையின் சாயல் நீங்கவில்லை. செயலின் கொடுமைக்கும் குரலின் இனிமைக்கும் உள்ள முரண், வேறொரு சூழலில் நகைப்பொருளே ஆகும். நகைக்க இயலாத இடத்தில் நகைக்குரிய வடிவம் தோன்றுவதால், காண்போர் எவ்வுணர்ச்சியைப் பற்றிக்கொள்வது என அறியாது தடுமாறுகின்றனர். ஒரு கட்டத்தில் அவோயாமா கடற்கரை விடுதியில் துயிலெழுகின்றான். அருகில் அசாமி அன்போடு இருக்கின்றாள். யாவும் கனவே என நாம் மூச்சுவிடுகின்றோம். உடனே படம் அவனைப் பழைய துன்பத்திற்கே மீட்டுச் செல்கின்றது. ஆறுதல் கொடுத்துப் பறிக்கப்படுவதே குருதியினும் மிகுதியாக வருத்துகின்றது.

எதிர்பார்ப்பின் பங்கு

இக்கருத்திற்கு மீகேயின் பிறிதொரு படம் சான்றாகும். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இச்சி த கில்லர்’ குருதியளவில் ‘ஆடிஷன்’ படத்தைப் பல மடங்கு விஞ்சியது. பிரித்தானியத் தணிக்கையாளர் அதில் 3 நிமிடத்திற்கும் மேற்பட்ட பகுதியை நீக்கினர். ஆயின் டொராண்டோ விழாவில் அதனைக் காண வந்தோர்க்கு வாந்தியெடுப்பதற்கென்று பைகள் வழங்கப்பெற்றன. இது விளம்பரம் கருதிய குறும்பே எனினும், அதன் பயன் ஆழமானது. பையைக் கையில் வாங்கியவர் தாம் காணப்போவது இன்னது என அறிந்து, விளையாட்டு மனத்தோடு இருக்கையில் அமர்கின்றார். ரோட்டர்டாம் அரங்கில் இருந்தோர்க்கு அத்தகைய முன்னுணர்த்தல் இல்லை. அவர்கள் ஒரு கைம்மகனின் மறுமணக் கதையை நம்பி உடன் நடந்தவர்கள்.

காலம் செல்லச் செல்ல ‘ஆடிஷன்’ படத்திற்கும் இந்நிலை மாறிற்று. கையுறை அணிந்து ஊசி ஏந்திய அசாமியின் உருவமே அதன் அடையாளமாக உலகெங்கும் பரவியது. கொடுமைக் காட்சிகள் நிறைந்த ‘ஹாஸ்டல்’ (2005) என்னும் அமெரிக்கப் படத்தை இயக்கிய ஈலை ராத், அதில் மீகேயையே ஒரு சிறு வேடத்தில் தோன்றச் செய்தார். இன்று இப்படத்தைக் காண்போருள் பெரும்பாலோர் முடிவை அறிந்தே அமர்கின்றனர். அவர்களுள் சிலர் முற்பகுதி மந்தமாக உள்ளது எனக் குறைகூறுகின்றனர். வேறு சிலர் தொடக்கத்திலிருந்தே அஞ்சுகின்றனர். தேர்வுக் காட்சியில் நகைப்போர் தொகை சுருங்குகின்றது. படச்சுருள் மாறவில்லை, சுவை மாறிவிட்டது.

இருவகைத் தீர்ப்பு

இப்படம் ஆடவர் வஞ்சனைக்குப் பெண் அளித்த தண்டனை என்பார் ஒருசாரார். பெண்ணைப் பேயுருவாக்கி இழிவுசெய்வது என்பார் மற்றொரு சாரார். முதற்கூற்று முழுதும் பொருந்தாது. அவோயாமாவின் பொய் குற்றமேயாயினும் அவன் அன்பற்றவன் அல்லன். அவன் பிழைக்கும் பெற்ற துன்பத்திற்கும் அளவொப்புமை இல்லை. இரண்டாங்கூற்றும் அவ்வாறே. அசாமி குழந்தைப் பருவத்தில் துன்புறுத்தப்பட்டவள் என்பதைப் படம் மறைக்கவில்லை. எனினும் அத்துன்பமே அவளுடைய கொடுமைக்குப் போதிய காரணம் என்பதுபோல் கதை விரைந்து செல்வது ஒரு குறையே ஆகும்.

மூன்றாவதாக, இறுதி நிகழ்ச்சிகள் யாவும் அவோயாமாவின் குற்றவுணர்ச்சி கண்ட கனவு என்பாரும் உளர். அவன் மயக்கத்தில் தோன்றும் காட்சிகளில் அலுவலகப் பெண்ணும் மகனின் தோழியும் வந்து கலப்பதால் இதற்கு இடமுண்டு. ஆயின் இவ்விளக்கத்தை நாடுவதே ஒரு மெய்ப்பாடு என்க. தாங்கற்கரியதைக் கனவென்று கொண்டால் தாங்கலாம். படத்தினுள் விடுதியில் விழித்தெழுந்த அவோயாமா பெற்ற அதே ஆறுதலை, படத்திற்கு வெளியே காண்போரும் நாடுகின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான் ஒன்று தெளிவாகும். அருவருப்பு ஒரு படைப்பின் இழிவுக்குச் சான்று அன்று. அதனைத் தாங்கியிருத்தல் சுவையுணர்வின் உயர்வுக்குச் சான்றும் அன்று. அரங்கைவிட்டு எழுந்து சென்றவரைச் சுவையறியாதார் என இகழ்தல் முறையன்று. அவர்கள் படத்தை நம்பியவர்கள். நம்பியதனாலேயே அவர்கள் காயமுற்றனர். பரிசளித்த திறனாய்வாளர் கண்டதும் அந்நம்பிக்கையைக் கட்டி உடைத்த திறனையே எனலாம். ஒரே செயலை ஒருவர் வஞ்சனை என்றும் மற்றொருவர் கலை என்றும் பெயரிட்டனர்.

எனவே கொடுமை மிக்க படைப்புகளை ஆராயும் மாணவர், குருதியின் அளவை எண்ணுதலோடு நில்லாது, காண்போர் எங்கே நகைத்தனர், யாரை நோக்கி நகைத்தனர், அந்நகைக்குப் படைப்பு பின்னர் அவரிடம் கணக்குக் கேட்டதா என்று வினவுதல் வேண்டும். கணக்குக் கேளாத கொடுமை வெறுங்காட்சியாய் ஒழியும். கேட்ட கொடுமை, வெறுக்கப்படினும் மறக்கப்படாது நிற்கும். ‘ஆடிஷன்’ கேட்கின்றது என்பதே நம் துணிபு.