மழைக் காலத்தில் கொல்லைக்கு வரும் பறவைகள்

ஐப்பசி பிறந்து மார்கழி முடிவதற்குள் நம் கொல்லைப்புறத்திற்கு வந்து போகும் பறவைகளைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை. மேல்நாடுகளிலோ குளிர் காலத்தில் வீட்டுத் தோட்டத்தில் தீனித் தட்டு வைத்து, வரும் பறவைகளைச் சன்னலருகே அமர்ந்து எண்ணுவது லட்சக்கணக்கானோரின் பழக்கம். பிரிட்டனில் 1979 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி இறுதியில் ஒரு மணி நேரக் கணக்கெடுப்பு நடக்கிறது. குழந்தைகளுக்காகத் தொடங்கிய அந்த எளிய கணக்குதான், அங்கே வீட்டுத் தோட்டங்களில் சிட்டுக்குருவி ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதை மக்களுக்குக் காட்டியது.

நமக்குப் பனிக்கட்டி கிடையாது. புதுவையில் தை மாத இரவிலும் வெப்பம் 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அங்கே உறைபனி செய்யும் வேலையை இங்கே அடைமழை செய்கிறது. அந்த நாட்களில் கொல்லையைக் கவனித்தால், உழவர்களுக்குப் பயன்படும் சில உண்மைகள் தெரியவரும்.

அடைமழையும் பசியும்

புதுவையின் கதிர்காமத்தையே எடுத்துக்கொள்வோம். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த இப்பகுதி, மருத்துவக் கல்லூரியும் மாடி வீடுகளுமாக நகரத்தோடு கலந்துவிட்டது. ஆயினும் முருங்கை, வாழை, கறிவேப்பிலை, ஓரிரு தென்னை என்று கொல்லை வைத்திருக்கும் வீடுகளை இங்கே இன்றும் காணலாம். மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் வயல்களும், 2008-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியும் உள்ளன. ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகளைப் பார்க்கக் கூட்டம் போகிறது. கொல்லைக்கு வரும் பறவையைப் பார்க்க, பின்கதவைத் திறந்தால் போதும்.

இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் பறக்கும் பூச்சிகள் வெளிவருவதில்லை. அவற்றைப் பறந்தே பிடித்துத் தின்னும் பஞ்சுருட்டானும் தகைவிலானும் பட்டினி கிடக்க நேரிடுகிறது. தரையில் சிந்திய தானியம் சேற்றில் புதைவதால் சிட்டுக்குருவிக்கும் புறாவுக்கும் இரை கிடைப்பது அரிதாகிறது. மழை ஓய்ந்து ஈசல் கிளம்பும்போது காகமும் மைனாவும் கரிச்சானும் ஓடியாடி விழுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விட்ட பசியை அப்போது ஈடு செய்கின்றன.

புயல் வந்தால் நிலைமை இன்னும் கடினம். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல், புதுவையிலும் கடலூர் மாவட்டத்திலும் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுவை அருகே கரையேறிய பெஞ்சல் புயலின்போது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. இப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு இருக்க மரமும் தின்ன இரையும் இல்லாத பறவைகளுக்கு, வீட்டுக் கொல்லைதான் புகலிடம்.

முன்னோர் வைத்த தீனி

பறவைக்குத் தீனி வைப்பது நமக்குப் புதிதன்று. உண்பதற்கு முன் காகத்திற்குச் சோறு வைக்கிறோம். மார்கழி விடியலில் அரிசி மாவால் இட்ட கோலம் எறும்புக்கும் குருவிக்கும் இரையாகிறது. பொங்கலை ஒட்டிக் கணுப்பிடி வைக்கும் வீடுகளில், மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகளைப் பறவைகளுக்குப் படைக்கிறார்கள். அறுவடையானதும் முதல் கதிர்களைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிடுவதும் பழைய வழக்கமே. வீட்டு இறவாணத்தில் கூடு கட்டிய சிட்டுக்குருவிக்கு ‘அடைக்கலங்குருவி’ என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர்.

இன்று பல வீடுகளில் கோலம் கல் மாவில் இடப்படுகிறது. இறவாணம் இல்லை, நெற்கொத்தும் இல்லை. நாடு முழுவதுமான பறவைகளின் நிலை பற்றி 2020-இல் வெளியான அறிக்கை, சிட்டுக்குருவி நாடு தழுவிய அளவில் ஏறக்குறைய நிலையாக இருந்தாலும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்து வருவதாகக் கூறியது. நகரமாகிவிட்ட சிற்றூர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தட்டுக்கு வருவோர், வராதோர்

ஒரு கைப்பிடி நொய்யும் கம்பும் ஒரு தட்டில் வைத்து ஒரு வாரம் கவனியுங்கள். சிட்டுக்குருவி, புள்ளிப்புறா, மாடப்புறா, அணில், சில இடங்களில் சில்லை ஆகியவை வரும். சோறு கலந்தால் காகமும் மைனாவும் தவிட்டுக்குருவியும் சேரும். தானியத் தட்டின் விருந்தாளிகள் ஏறக்குறைய இவ்வளவே.

ஆனால் அதே கொல்லையில், தட்டைத் திரும்பியும் பாராமல் வேறு பறவைகள் இரை தேடிக்கொண்டிருக்கும். முருங்கைப் பூவிலும் செம்பருத்தியிலும் தேன்சிட்டு தேன் குடிக்கும். கறிவேப்பிலைப் பழத்திற்குக் கொண்டைக்குருவி வரும். நெட்டிலிங்கப் பழத்திற்குக் குயில் வரும். வேலியில் தையல்சிட்டு புழு பொறுக்கும். வேலியோரச் சருகில் செம்போத்து நத்தை தேடும்.

இந்தப் பருவத்திற்கென்றே வரும் வெளியூர்ப் பறவைகளும் உண்டு. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி அவற்றில் ஒன்று. பல நிறம் கொண்ட இது, காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. மரநிழலில் சருகைக் கிளறிப் புழுவையும் பூச்சியையும் தின்னும். வெற்றிலைக் கொடிக்கால்களில் காணப்படுவதால் பெயர் பெற்ற கொடிக்கால் வாலாட்டி கிழக்காசியாவிலிருந்து வருகிறது. மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான் ஆகியவையும் இக்காலத்தில் நம் பக்கம் தலைகாட்டும். இவற்றில் எதுவும் நாம் வைக்கும் அரிசிக்காக வருவதில்லை. புழு, பூச்சி, சருகு, நிழல் இவைதான் அவற்றை இழுக்கின்றன.

கவனிப்பதால் நாம் அறிய வேண்டியது இதுவே: தட்டில் வைக்கும் தீனி சில பறவைகளைத்தான் காக்கும். எல்லாப் பறவைகளுக்கும் தீனித் தட்டாக இருப்பது கொல்லையே.

உழவருக்கு என்ன பயன்?

கொல்லைக்கு வரும் பறவைகளில் பல, வயலுக்கும் செல்பவை. கரிச்சான் அந்துப்பூச்சிகளையும் வெட்டுக்கிளிகளையும் பிடிக்கிறது. மைனா ஏர் ஓட்டும்போது வெளிப்படும் புழுக்களைத் தின்கிறது. கூகை இரவில் எலி பிடிக்கிறது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிகளையே. சீனாவில் 1958-இல் சிட்டுக்குருவியைப் பயிரின் எதிரி என்று அறிவித்து நாடு முழுவதும் அழித்தார்கள். பூச்சிகள் பெருகியதைக் கண்ட பிறகு, 1960-இல் அழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து அதை நீக்கி மூட்டைப் பூச்சியைச் சேர்த்தார்கள்.

பறவையால் நட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. பால் பிடிக்கும் கதிரைச் சில்லையும், கொய்யாவையும் சூரியகாந்தியையும் கிளியும் சேதப்படுத்துவதை உழவர் அறிவர். ஆகவே கதிர் முற்றும் வயலை ஒட்டித் தானியத் தட்டு வைக்க வேண்டாம். வயலில் வைக்க வேண்டியது தாங்கு குச்சி. காய்ப்புழு தாக்கும் பயறு வகைகளில் ‘டி’ வடிவக் குச்சிகளை ஏக்கருக்கு 20 வீதம் நட்டால், கரிச்சானும் மைனாவும் அமர்ந்து புழுக்களைப் பிடிக்கும். செலவு மிகக் குறைவு.

தீனி வைக்கும் முறை

1. ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி போதும். கம்பு, தினை, நொய், நெல் ஆகியவை ஏற்றவை. உப்பும் எண்ணெயும் சேர்ந்த முறுக்கு, மிக்சர் போன்றவற்றை வைக்கக்கூடாது.

2. மழையில் நனைந்த தானியத்தில் பூசணம் பிடிக்கும். ஆகவே தட்டின் மேல் ஓலையாலோ தகரத்தாலோ சிறு கூரை அமைக்கவும். பெரிய கொட்டாங்குச்சியைப் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்டாலும் போதும்.

3. பூனை பதுங்க முடியாத வெளியிடமாகவும், பறவை பறந்து ஒளியச் செடி அருகில் உள்ளதாகவும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும்.

4. மாலையில் மிச்சத்தை எடுத்துவிடவும். இல்லையேல் எலி வரும்.

5. இரண்டு அங்குல ஆழத்திற்கு மேற்படாத மண் தட்டில் தண்ணீர் வைத்து நாள்தோறும் மாற்றவும். தீனித் தட்டை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவைக்கவும். பிரிட்டனில் 2005-க்குப் பிறகு தோட்டத்துத் தீனித் தட்டுகள் வழியாகவும் பரவிய ஒரு நோயால் பச்சைக் குருவி இனமொன்று பெருமளவில் மடிந்தது. அசுத்தமான தட்டு வைப்பதைவிட வைக்காமலிருப்பது நல்லது.

6. கொல்லையின் ஒரு மூலையில் சருகைக் கொளுத்தாமல் விடவும். அது மட்கி எருவாகும். ஆறுமணிக்குருவிக்கும் தவிட்டுக்குருவிக்கும் அதுவே தீனித் தட்டு. இடமிருந்தால் புயலில் விழுந்த மரத்துக்குப் பதிலாக நாவல், அத்தி, வேம்பு, புங்கன் இவற்றில் ஒன்றை நடவும்.

கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நஞ்சு கலந்த விதை: எச்சரிக்கை

இக்கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். விதைநேர்த்தி செய்து மீந்துபோன விதையைக் கொல்லையிலோ குப்பைமேட்டிலோ கொட்டக்கூடாது. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து கலந்த விதைகளில் சிலவற்றைத் தின்றாலே சிறு குருவி செயலிழந்து போகும். அதே விதையைக் கோழியும் பொறுக்கும். குழந்தை கையிலும் அது கிடைக்கலாம். தேவையான அளவு விதையை மட்டும் நேர்த்தி செய்யுங்கள். மீந்ததை ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

எலிக்கு வைக்கும் சிங்க் பாஸ்பைடு இரையை வரப்பின் மேல் சிதறவிடாமல் வளைக்குள் இட்டு மூட வேண்டும். செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைக்க வேண்டும். எலியைத் தின்று நமக்கு உதவும் கூகையை, நாமே நஞ்சு வைத்துக் கொல்வது எவ்வகையிலும் இலாபமாகாது.

பதினைந்து நிமிடக் கணக்கு

புதுவைக்கும் பறவை ஆராய்ச்சிக்கும் பழைய தொடர்பு உண்டு. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொனரா, தம் பயணங்களைப் பற்றி 1782-இல் வெளியிட்ட நூலில் நம் நாட்டுப் பறவைகள் பலவற்றை வருணித்தார். நம் காடுமேடுகளில் ஓடும் கவுதாரியின் அறிவியல் பெயரில் இன்றும் ‘பாண்டிசீரியானஸ்’ என்று இவ்வூர்ப் பெயர் நிற்கிறது. அன்று கப்பலேறி வந்தவர் செய்த வேலையை இன்று நம் பிள்ளைகள் பின்கட்டில் அமர்ந்தே செய்யலாம்.

பிப்ரவரி மாதத்தில் உலகெங்கும் நான்கு நாள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியாவும் பங்கேற்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழகத்தில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. விதி எளிது: ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறிக்க வேண்டும். அதை இ-பேர்டு என்ற கணினித் தளத்தில் பதிவு செய்யலாம்.

கணக்கெடுப்பு நாள் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், மழை உண்டா இல்லையா, வந்த பறவை, அது தின்றது என்ன என்று ஐந்து கட்டம் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதினால், உங்கள் கொல்லையில் எது கூடுகிறது, எது குறைகிறது என்பது தெரியத் தொடங்கும். குறைவது பூச்சி தின்னும் பறவையாக இருந்தால், தெளிக்கும் மருந்தையும் கொளுத்தும் சருகையும் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.