லடாக்குக்கு டிரான்ஸ்பரா? பனியனை விட்டுட்டுப் போங்க!

லேக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்ததும் நம்ம ஆட்கள் செய்கிற முதல் வேலை, கடையில் இருப்பதிலேயே தடியான ஸ்வெட்டராகப் பார்த்து ஒன்று வாங்குவது. என் ஓட்டு அதற்கு இல்லை.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி ராத்திரியில் மைனஸ் 15 டிகிரி என்பது அங்கே சர்வ சாதாரணம். ஒரு தடி ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய உடுப்புகள் மேல். துணிகளுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைக் காப்பாற்றுகிறது. உடம்போடு ஒட்டி தெர்மல், அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொள்ளலாம்.

இந்தக் கதையில் வில்லன் யார் தெரியுமோ? நம் பருத்தி பனியன்தான்! சென்னையில் வியர்வையை உறிஞ்சும் உத்தமன், அங்கே உறிஞ்சியதை விடாமல் ஈரமாகவே இருந்து உடம்பை ஜில்லிட வைத்துவிடுவான்.

அடுத்து, ஷூ. கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும். இரண்டு சாக்ஸைப் போட்டு இறுக்கித் திணித்தால் ரத்த ஓட்டம் குறையும். விரல் மரத்துப் போனால், "அதெல்லாம் சரியாயிடும் சார்" என்று இருந்துவிடாதீர்கள். பனிக்கடி முற்றினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

கையுறையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பத்து விரலும் பத்திரமாக இருந்தால்தானே டி.ஏ. பில்லில் கையெழுத்துப் போட முடியும்!