நம்பர் வந்திருக்கா?

எண்பதுகளில் பிளஸ் டூ ரிசல்ட் என்றால் செய்தித்தாளில் வரும் எண்கள்தான். தேர்ச்சி பெற்றவர்களின் எண்கள் மட்டுமே அச்சாகும். டீக்கடை வாசலில் ஒரே பேப்பர்மேல் பத்துத் தலை கவிழ்ந்திருக்கும். முந்தைய எண் இருக்கும், அடுத்ததும் இருக்கும்; நடுவில் தன் எண் இல்லையென்றால் ஃபெயில். யாரும் வாய் திறக்க வேண்டாம், பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

அந்த வலியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. செப்டம்பர் அட்டெம்ப்ட் எழுதி வருவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துபோகும். ஒரு வருடம் வீண். அதோடு படிப்பே நின்றுபோன பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். இன்று ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரிக்குப் போகலாம். தோற்ற பிள்ளைக்கு நூறு அறிவுரையைவிட இந்த ஒரு ஏற்பாடு தெம்பு தரும்.

மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதையும் 2017 மே மாதம் தமிழக அரசு நிறுத்தியது. அதுவரை, பெற்றோர் இனிப்பு ஊட்டும் படம் மறுநாள் பத்திரிகையில் வரும். அதைக் காட்டியே எத்தனை வீடுகளில் பிள்ளைகளை வைதிருப்பார்கள்! நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகூட அந்தப் படத்தின் முன் குறுகிப்போனது. நிறுத்தியது சரிதான். ஆனால் எந்தப் பாடத்தில் எத்தனை சென்டம் என்ற கணக்கை இன்னும் நாம் விடவில்லை.

இப்போது முடிவு செல்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்க்கிறது. கூட்டத்தின் கண்ணிலிருந்து தப்பித்தது நல்லதே. ஆனால் அந்தக் கூட்டத்தில், ‘விடுறா, அடுத்த தடவ பாத்துக்கலாம்’ என்று தோளில் கை போட ஒரு நண்பனோ மாமாவோ இருந்தார். சாத்திய கதவுக்குள் அவர் இல்லை. நண்பர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் இருக்கிறது. அன்று வருடத்துக்கு ஒருமுறை, சித்தி மகனோடும் எதிர்வீட்டுப் பெண்ணோடும் ஒப்பிட்டார்கள். இன்று மதிப்பெண் மட்டுமா, நிறம், உடம்பு, உடை என்று முகம் தெரியாதவர்களோடெல்லாம் பிள்ளை தன்னையே தினமும் ஒப்பிட்டுக்கொள்கிறது. மனம் உடைந்துபோனால் ‘104’ உதவி எண்ணை அழைக்கலாம், ஆலோசகர் பேசுகிறார். அந்த எண்ணைப் பிள்ளைக்கு ரிசல்ட்டுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

மாறாதது ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது அன்றும் நடந்தது, இன்றும் பல பள்ளிகளில் நடக்கிறது. கணக்கில் முப்பத்தைந்தைத் தொடத் திணறுகிற பையன் கபடியில் நாலு பேரை உதறிவிட்டு வருவான். ‘நானும் ஒரு ஆள்தான்’ என்று அவனுக்குத் தோன்றுகிற இடம் பள்ளியில் அது ஒன்றுதான். அந்த நாற்பது நிமிடத்தை அவனிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்க வேண்டும்.