ஓரணு உயிர்களின் உணவுத் தேர்வு

சோற்றிடையே கல் அகப்படின் நாவினால் உணர்ந்து உமிழ்கின்றோம். நாவும் மூளையும் இன்றி, உடல் முழுவதும் ஒரே உயிரணுவாய் அமைந்த உயிர்கள் குளத்து நீரில் எண்ணிறந்தன வாழ்கின்றன. அவை உணவையும் உணவல்லாததையும் பிரித்தறியுமோ?

அமீபாவுக்கு வாயென்று தனியிடம் இல்லை. தன் உடலையே போலிக்கால்களாக நீட்டி இரையைச் சூழ்ந்துகொள்ளும். அசையாத இரையாயின் ஒட்டியே சூழும். ஓடும் இரையாயின் தப்பாதவாறு சற்று அகல வளைக்கும். பாரமீசியம் அத்துணை ஆராய்வதன்று. கார்மைன் என்னும் செந்நிறச் சாயப்பொடியை நீரில் கலந்தால் அதனையும் விழுங்கிவிடும். அப்பாரமீசியத்தையே பெரிதும் நாடி உண்பது டிடினியம் என்னும் உயிர். தன்னினும் பெரிய இரையையும் அது முழுதாக விழுங்கும். இரை அற்றுப்போயின் உறையொன்றை அமைத்து அதனுள் ஒடுங்கும்.

தேர்வில் சிறந்தது ஸ்டென்டார். ஊதுகொம்பு போன்ற வடிவினது. சில இனங்கள் வெறுங்கண்ணுக்கும் புலனாகும். கொம்பின் விளிம்பிலுள்ள நுண்மயிர்கள் நீரைச் சுழற்றி இரையை வாய்க்குள் செலுத்தும். 1910-ஆம் ஆண்டில் ஷேஃபர் என்னும் அமெரிக்க அறிஞர், இரையையும் உணவாகாத துகள்களையும் அதற்கு ஊட்டிப் பார்த்தார். இரை உட்சென்றது, துகள் வந்தபோதோ, நுண்மயிர்கள் எதிர்ப்புறமாக அசைந்து அதனை வெளியே தள்ளின. பசித்த ஸ்டென்டார் துகள்களையும் ஓரளவு விழுங்கியது. வயிறு நிறைந்ததோ நுணுகித் தேர்ந்தது. வயிறு என்றது இங்கே உபசார வழக்கே.

ஜென்னிங்ஸ் என்னும் அறிஞர் 1906-இல் வெளியிட்ட நூலில் கூறுவது இன்னும் வியப்புடையது. ஓரிடத்தில் ஒட்டி வாழும் ஸ்டென்டார் ஒன்றன்மீது கார்மைன் பொடியை இடைவிடாது விழச்செய்தார். முதலில் அது ஒருபுறம் சாய்ந்தது. பின்னர் நுண்மயிர்களை எதிர்ப்புறமாக அசைத்தது. அதன்பின் உடலைச் சுருக்கிக்கொண்டது. எதுவும் பயன்படாமற்போகவே, பிடியை விட்டு நீந்தி அகன்றது. 1967-இல் வேறோர் இன ஸ்டென்டாரைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் இம்முடிபை மறுத்தனர். 2019-இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் அவர் எடுத்த இனத்தையே தேடிப் பெற்று, கார்மைனுக்கு மாறாக நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளை இட்டு நோக்கினர். எல்லா உயிர்களும் ஒரே முறையாக நடந்துகொள்ளவில்லை. எனினும், எளிய வழிகளை முதலில் முயன்று, அவை பயன்படாதவிடத்தே இடம்பெயரும் ஒழுங்கு தெளிவாகப் புலப்பட்டது. இதனைச் சிந்தனை என்று கூறுதல் மிகையாகும். வெறும் பொறியின் இயக்கம் என்று தள்ளிவிடவும் மனம் ஒருப்படவில்லை.