இண்டி பேரும் நம் இனிஷியலும்

ஹைதராபாதில் புதிதாகக் குடியேறும் நம்மவர்களுக்கு முதல் சில மாதங்களில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. அலுவலகத்தில் 'ராவ் காரு' என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ரெட்டி என்றாலும் அப்படித்தான். கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தெலுங்கர்களுக்கோ அது பெயரின் தலையில் நிற்கிறது. அதை 'இண்டி பேரு' என்பார்கள். வீட்டுப் பெயர் என்று பொருள்.

ரயில்வேயில் நான் பணியாற்றிய காலத்தில் உடன் வேலை பார்த்த தெலுங்கு நண்பர்கள், "மீ இண்டி பேரு ஏமிடி?" என்று கேட்காமல் இருந்ததில்லை. "எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான்" என்று சொன்னால் வியப்பாகப் பார்ப்பார்கள். அந்தக் கேள்விதான் இந்தப் பெயர்களைப் பற்றி விசாரிக்கவும் படிக்கவும் என்னைத் தூண்டியது. தெரிந்துகொண்டதை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஊரே பெயராக

இண்டி பேர்களில் மிகப் பல, ஊர்ப் பெயர்களே. டங்குடூரு என்பது ஊர். அந்த ஊர்க்காரர் 'டங்குடூரி'. ஆந்திர கேசரி பிரகாசம் அவர்களின் குடும்பப் பெயர் இதுதான். கந்துகூரு ஊரிலிருந்து 'கந்துகூரி' வீரேசலிங்கம். நந்தமூரு ஊரிலிருந்து 'நந்தமூரி' தாரக ராமராவ், அதாவது நம் என்.டி.ஆர். கடைசி 'ரு', 'ரி' ஆக மாறுவதைக் கவனியுங்கள். நம் மொழியில் 'இன்' உருபு செய்யும் வேலையை அங்கே இந்த 'இ' செய்கிறது. 'புரம்' என்று முடியும் ஊரானால் 'புரபு' ஆகும். ஹைதராபாதில் பிறந்த கிரிக்கெட் வீரர் வி.வி.எஸ். லட்சுமணின் முதல் 'வி', வங்கிபுரபு.

பழைய ஹைதராபாத் மாநிலத்தின் முதலமைச்சராக 1952 முதல் 1956 வரை இருந்த பூர்குல ராமகிருஷ்ண ராவ் குடும்பத்தின் பழைய வீட்டுப் பெயர் புல்லம்ராஜு. ஆனால் அவர்களுடைய ஊரான பூர்குலவே பெயராக நிலைத்துவிட்டது. ஊர்ப் பெயருக்கு அவ்வளவு வலிமை!

ஒரே சமூகத்தில் ஒரே இண்டி பேர் உள்ளவர்களைப் பங்காளிகளாகவே கருதுவார்கள்; அவர்களுக்குள் பெண் கொடுப்பதோ எடுப்பதோ பொதுவாக இல்லை. ஆகவே இந்தப் பெயர் விலாசத்தோடு உறவு முறையையும் சொல்லிவிடுகிறது.

மூசி வெள்ளமும் ஒரு 'எம்' எழுத்தும்

1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதி பெருக்கெடுத்து இந்த நகரத்தையே புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இனி இப்படி நேராமல் தடுக்க நிஜாம் அரசு அழைத்து வந்த பொறியாளர் எம். விஸ்வேஸ்வரய்யா. மூசியிலும் அதன் கிளையான ஈசியிலும் நகரத்துக்கு மேலே அணை கட்டி வெள்ளத்தைத் தேக்க வேண்டும் என்றார். அப்படி எழுந்தவைதான் 1920இல் முடிந்த உஸ்மான் சாகரும் 1927இல் முடிந்த ஹிமாயத் சாகரும். கண்டிபேட்டைத் தண்ணீர் என்று இன்றும் இங்கே பெருமையாகச் சொல்வது உஸ்மான் சாகர் நீரைத்தான்.

அவர் பெயரிலுள்ள 'எம்', மோட்சகுண்டம். இது இன்றைய ஆந்திரத்தில் உள்ள ஒரு கிராமம். அவர் பிறந்ததோ மைசூர் ராஜ்ஜியத்து முத்தேனஹள்ளியில். முன்னோர் மோட்சகுண்டத்தை விட்டுக் கன்னட நாட்டில் குடியேறிப் பல தலைமுறைகள் ஆன பிறகும், அந்தக் குடும்பம் ஊரைப் பெயரில் சுமந்தே வந்தது. ஊர் விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஜப்பானிலும் இப்படித்தான்

தெலுங்கர்களைப் போலவே குடும்பப் பெயரை முன்னால் வைப்பவர்கள் ஜப்பானியர். அங்கும் நிலமும் ஊருமே பெரும்பாலும் பெயராகியிருக்கின்றன. தனாகா என்றால் வயலின் நடு. யமமோட்டோ என்றால் மலையடி. மாருதி காரினால் நமக்குப் பழக்கமான சுசுகி, அங்கே சாட்டோவுக்கு அடுத்தபடியாக மிக அதிகம் பேர் கொண்டுள்ள குடும்பப் பெயர். அறுத்த நெற்கதிரைக் குவித்து வைக்கும் போருக்குக் குமானோ வட்டாரத்தில் வழங்கிய சொல் அது என்பர். முன்பு அங்கே சாதாரண மக்கள் அதிகாரபூர்வமாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள முடியாது. 1875இல்தான் அனைவருக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது.

நம் வழக்கம்

நமக்கும் ஊர் எழுத்து இருந்தது. உ.வே. சாமிநாதையரின் 'உ' உத்தமதானபுரம். டி.கே. பட்டம்மாளின் 'டி' காஞ்சிபுரத்தை அடுத்த தாமல். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 'எம்' மதுரை, 'எஸ்' தாயார் சண்முகவடிவு. நாளடைவில் ஊர் எழுத்து பெரும்பாலும் உதிர்ந்து தந்தையின் எழுத்து மட்டும் மிஞ்சியது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடும்படி தீர்மானம் செய்தது. அதன் பின் தமிழ்நாட்டில் பலர் பட்டத்தை விட்டது நல்ல காரியமே. ஒருவர் பெயரைக் கேட்டுச் சாதியை எடைபோட முடியாது என்பது நம் முறையின் பெருமை.

இனிஷியல் ஒரு தலைமுறையை மட்டுமே கோக்கும் கொக்கி. ஆனால் நம் முன்னோர் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே 'பேரன்' ஆயிற்று என்பர். சர் சி.வி. ராமனின் 'சி' அவர் தந்தை சந்திரசேகரர். ராமனின் தமையன் சுப்பிரமணியன் ரயில்வே கணக்குத் துறையில் லாகூரில் இருந்தபோது, 1910இல் பிறந்த மகனுக்குப் பாட்டனார் பெயரையே வைத்தார். 1983இல் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர் அவர்தான். 1999இல் விண்ணுக்குச் சென்ற 'சந்திரா' தொலைநோக்கிக்குப் பெயர் தந்தவரும் அவரே. இப்போது பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கமும் அருகிவிட்டது.

இனிஷியல்கள் பார்வைக்கு ஒன்று போலிருந்து ஏமாற்றவும் செய்யும். திருத்தணியில் பிறந்த டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணனின் 'எஸ்' தந்தை பெயரன்று. நெல்லூர் மாவட்டத்துச் சர்வபள்ளி என்னும் ஊர்.

படிவத்தில் ஒரு கட்டம்

பள்ளிக்கூடம் முதல் கடவுச்சீட்டு வரை எல்லாப் படிவங்களிலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை எப்படியாவது நிரப்புகிறோம். என் வீட்டையே சொல்கிறேன். எனக்கு என் தகப்பனார் பெயர். மகனுக்கு என் பெயர். மருமகளுக்கு அவள் அப்பா பெயர். பேத்திக்கு என் மகன் பெயர். ஒரே கூரையின் கீழ் நான்கு குடும்பப் பெயர்கள்! சென்ற ஆண்டு பேத்திக்குப் பள்ளியில் வம்ச விருட்சம் வரையச் சொன்னார்கள். என் பெயர் வரை எழுதினாள். அதற்கு மேல் கட்டங்கள் காலியாக இருந்தன. சொந்த ஊர் என்ற இடத்தில் மல்காஜ்கிரி என்று எழுதியிருந்தாள். குளித்தலைக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தின் பெயர் அவள் காதில் விழுந்ததே இல்லை.

கட்டத்தைக் காலியாக விட்டாலும் தொல்லைதான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி மற்றதைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகிறது. 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது.

செய்ய வேண்டியது

குழந்தை பிறந்ததும் பெயரின் இரு பகுதிகளையும் முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ், பள்ளி, ஆதார், கடவுச்சீட்டு அனைத்திலும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே மாதிரி எழுதுங்கள். தந்தை பெயரோ தாய் பெயரோ ஊர்ப் பெயரோ, எது என்பது உங்கள் விருப்பம். கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று, பாட்டனார் விட்டொழித்த சாதிப் பட்டத்தைத் தேடி எடுக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது காரியம் அதைவிட முக்கியம். தெலுங்கு நண்பருக்கு ஊரைப் பெயரே நினைவூட்டும். நமக்கு நாமேதான் நினைவூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் சொந்த கிராமம், அதன் வட்டம், குலதெய்வக் கோயில் இருக்கும் இடம், இரு பக்கத்துப் பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி பெயர்கள், யார் எந்த ஆண்டு எந்த வேலைக்காக ஹைதராபாத் வந்தார் என்ற விவரம் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வையுங்கள். வீட்டுப் பெண்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். இனிஷியலில் பெரும்பாலும் இடம் பெறாதவர்கள் அவர்கள்தான். இவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்று உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள்.