'மிக மிக' என்ற சொல்லும் 92 என்ற எண்ணும்

"மாமா, பைபிள்ள நம்மட நபிட பேர் இரிக்கெண்டு சொல்றது உண்மையா, பொய்யா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

இப்படிக் கேட்டுக்கொண்டு வந்தவன் என் தங்கச்சியின் மகன். பாசிக்குடாவில் ஒரு விடுதியில் வேலை செய்கிறான். அங்கே தங்கியிருந்த வெளிநாட்டு வயோதிபர் ஒருவருக்கு ஹீப்ரு தெரியும் என்று அறிந்ததும், பயான்களில் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்த இரண்டு ஆதாரங்களை அவரிடம் எடுத்து வைத்திருக்கிறான். அவர் கோபப்படவும் இல்லை, தர்க்கம் பண்ணவும் இல்லை. ஒரு துண்டில் ஏழெட்டு வசன எண்களை எழுதிக் கொடுத்து, இவற்றையும் பார்த்துவிட்டு வா, பிறகு கதைப்போம் என்றாராம். பார்த்த பிறகுதான் பையனுக்கு நித்திரை கெட்டது.

"ஒரே வார்த்தையில சொல்ல ஏலாது மகன், இரி" என்றேன்.

அரபு இலக்கணம் படிப்பித்தவன் என்பதால் என்னிடம் வந்தான். அரபு தெரிந்தவருக்கு ஹீப்ரு அந்நிய வீடல்ல, பெரியம்மா வீடு மாதிரி. எழுத்து வேறு, ஆனால் மூன்றெழுத்து வேர், வினைச்சொல்லின் வாய்பாடு, எண்களின் பெயர் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு கிழமை அஸருக்குப் பிறகு உட்கார்ந்து, அந்தத் துண்டில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இந்தச் சந்தேகம் அவனுக்கு மட்டும் உரியதல்ல என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது ஆதாரம் ஆதியாகமம் 17:20. இப்ராஹீம் (அலை) அவர்கள் இஸ்மாயீலுக்காகக் கேட்டதற்குப் பதிலாக வரும் வாக்குறுதி அது. இஸ்மாயீல் ஆசீர்வதிக்கப்படுவார், பல்கிப் பெருகுவார், அவர் வழியில் பன்னிரண்டு தலைவர்கள் தோன்றுவார்கள், அவர் ஒரு பெரும் சமுதாயமாக ஆக்கப்படுவார் என்பது அதன் கருத்து. பெருகச் செய்வதைச் சொல்லும் இடத்தில் 'பிமெஓத் மெஓத்' என்று இரண்டு சொற்கள் வருகின்றன. நமது அப்ஜத் கணக்கைப் போலவே ஹீப்ருவிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அதைக் கெமாத்ரியா என்பார்கள். பேத் 2, மெம் 40, அலெஃப் 1, தாலெத் 4. மறுபடி மெம் 40, அலெஃப் 1, தாலெத் 4. கூட்டினால் 92. 'முஹம்மத்' என்ற பெயரில் மீம் 40, ஹா 8, மீம் 40, தால் 4. அதுவும் 92. வசனத்தின் கடைசியில் 'பெரும் சமுதாயமாக' என்ற பொருளில் வரும் 'லெகோய் காதோல்' என்பதைக் கூட்டினாலும் 30, 3, 6, 10, 3, 4, 6, 30 என்று வந்து 92தான் நிற்கிறது.

கேட்டவுடன் மெய் சிலிர்க்கும். எனக்கும் முதன்முதல் கேட்டபோது சிலிர்த்தது. பிஸ்மிக்கு 786 என்று கடைப் பலகையிலும் கலியாணக் கார்டிலும் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்!

இது யாரோ அண்மையில் கட்டிவிட்ட கதையுமல்ல. யூதக் குடும்பத்தில் பிறந்து 1163இல் இஸ்லாத்தைத் தழுவிய ஸமவ்அல் அல்மக்ரிபீ, தமது 'இஃப்ஹாமுல் யஹூத்' நூலில் இந்த 92ஐ எடுத்துக்காட்டியிருக்கிறார். அவர் சாதாரண ஆளல்ல. பத்தொன்பது வயதில் அல்ஜீப்ரா பற்றி 'அல்பாஹிர்' எழுதிய கணித மேதை. அப்படிப்பட்டவர் ஏன் இந்தக் கணக்கில் கை வைத்தார்? மத்ரஸாவில் 'புர்ஹான்' வேறு, 'இல்ஸாம்' வேறு என்று படிப்பிப்போம். எதிராளி ஏற்றுக்கொண்ட விதியைக் கொண்டே அவனை மடக்குவது இல்ஸாம். இப்ராஹீம் நபியோடு போன 318 பேர் என்பது உண்மையில் எலியேசர் என்ற ஒரே பணியாளரின் பெயரிலுள்ள எழுத்துகளின் கூட்டுத்தொகைதான் என்று தல்மூதிலேயே ஒரு விளக்கம் உண்டு. அப்படிக் கணக்குப் பார்க்கிறவர்களிடம், உங்கள் கணக்கிலேயே பாருங்கள் என்று அவர் கேட்டது நியாயம் என்றே நான் எண்ணுகிறேன். எண்ணூறு வருடம் கழித்து, கெமாத்ரியா என்ற பேரையே கேள்விப்படாத ஒருவரிடம் அதையே புர்ஹானாக வைப்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்திலேயே பதிலும் வந்துவிட்டது. மூஸா இப்னு மைமூன் 1172இல் யமன் நாட்டு யூதர்களுக்கு எழுதிய மடலில் இந்த வாதத்தை எடுத்து மறுக்கிறார். பெரும் சமுதாயம் என்பது ஆட்தொகையைத்தான் சொல்கிறது, நபித்துவத்தை அல்ல என்பது அவருடைய ஒரு பதில். முன்னறிவிப்பில் முஸ்லிம்கள் சொல்லும் பெயர் அஹ்மத் ஆயிற்றே, அந்தக் கூட்டுத்தொகை இதற்குப் பொருந்தவில்லையே என்பது இன்னொன்று. கூட்டிப் பார்த்தேன்: அஹ்மத் 53. மனிதர் சரியான இடத்தில்தான் குத்தியிருக்கிறார்.

ஆனால் மருமகனின் நித்திரையைக் கெடுத்தது இப்னு மைமூன் அல்ல, அந்தத் துண்டு. 'மெஓத்' என்றால் மிக. 'பிமெஓத் மெஓத்' என்றால், நாம் தமிழில் 'மிக மிக' என்று அடுக்கிச் சொல்கிறோமே, அதுதான். அதே அத்தியாயத்தின் 2ஆம், 6ஆம் வசனங்களில் இப்ராஹீம் நபிக்கே அது சொல்லப்பட்டிருக்கிறது. யாத்திராகமம் 1:7இல் எகிப்தில் பெருகிய பனூ இஸ்ராயீலுக்கு வருகிறது. இவற்றையாவது எப்படியும் சமாளிக்கலாம். எசேக்கியேல் 9:9ஐ என்ன செய்வது? அங்கே மிக மிகப் பெரிதாக இருப்பது இஸ்ராயீல், யூதா வீட்டாரின் பாவம். அதே எழுத்துகள், அதே 92. 'லெகோய் காதோல்' என்பதும் 12:2இல் இப்ராஹீம் நபிக்கும், 46:3இல் யஃகூப் நபிக்கும் கொடுக்கப்பட்ட வாக்குதான். எண்ணை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்கிறோம் என்றால் எல்லா இடத்திலும் கண்டுபிடிக்க வேண்டும். விரும்பிய இடத்தில் மட்டும் எடுத்துக்கொண்டால் அது கணக்கல்ல.

அரபிலேயே சோதித்துப் பார்க்கலாம். 'அமான்' என்றால் அபயம், 92. 'ஸுபுல்' என்றால் பாதைகள், 92. அந்த மூன்று எழுத்தையும் இடம் மாற்றி 'ஸல்ப்' என்று எழுதினால் பறித்தெடுத்தல், அதற்கும் 92. தவிர, முஹம்மத் என்பதிலுள்ள ஷத்துப் பெற்ற மீமை ஒருதரம்தான் எண்ணுகிறோம். உச்சரிக்கிறபடி இரண்டுதரம் எண்ணினால் 132 ஆகிவிடும். எழுத்தை எண்ணுவதா, ஒலியை எண்ணுவதா என்பதையும் நாமே தீர்மானித்துவிட்டுப் பிறகு விடை பொருந்துகிறது என்கிறோம்.

நம்முடைய முஃபஸ்ஸிர்கள் இந்த வழியில் போகவில்லை. அலிஃப் லாம் மீம் என்பதைக் கேட்ட மதீனத்து யூதத் தலைவர் ஹுயை இப்னு அக்தப், 1, 30, 40 என்று கூட்டி, இந்த உம்மத்துக்கு 71 வருடம்தான் ஆயுள் என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. பிறகு அலிஃப் லாம் மீம் ஸாத் 161 என்றும், அலிஃப் லாம் ரா 231 என்றும் கூடிக்கொண்டே போக, கடைசியில் அவர்களுக்கே குழம்பிவிட்டதாம். இப்னு கஸீர் இந்த அறிவிப்பைப் பலவீனமானது என்கிறார்; இவ்வெழுத்துகளைக் கொண்டு காலக்கணக்குச் சொல்பவர்களையும் அவர் ஏற்கவில்லை. நமக்கு எதிராகக் கூட்டியபோது வேண்டாம் என்ற கணக்கை, ஆதரவாக வரும்போது எப்படி வாங்கிக்கொள்வது?

இரண்டாவது ஆதாரத்தில் அதிகம் நிற்கத் தேவையில்லை. உன்னதப்பாட்டு 5:16இல் 'மஹமத்தீம்' என்று வருகிறது; அது நபி (ஸல்) அவர்களின் பெயர், 'ஈம்' என்பது மரியாதைப் பன்மை என்கிறார்கள். ஹா, மீம், தால் என்ற வேர் இரண்டு மொழியிலும் உண்டு என்பது உண்மை. அரபில் அதற்குப் புகழ். ஹீப்ருவில் விருப்பம், ஆசை. பத்துக் கட்டளைகளில் பிறர் பொருளை இச்சிக்கக் கூடாது என்பது இதே வேரில் 'லோ தஹ்மோத்' என்றுதான் தொடங்குகிறது. எசேக்கியேல் 24:16இல் அவருடைய கண்ணுக்கு இனியவள் என்று 'மஹ்மத்' வருவது, சாகப்போகும் மனைவியைக் குறித்து. மரியாதைப் பன்மை என்றால், அதே 5:16இல் வாயின் இனிமையைச் சொல்லும் 'மம்தக்கீம்' என்பதிலும் அதே 'ஈம்' இருக்கிறதே, இனிமைக்கும் மரியாதையா?

"அப்ப நம்மட ஆக்கள் சொன்னது முழுக்கப் பிழையா மாமா?" என்று கேட்டான். அவன் முகம் சரியில்லை. குர்ஆன் 7:157ஐ எடுத்து ஓதச் சொன்னேன். தவ்றாத்திலும் இன்ஜீலிலும் எழுதப்பட்டிருப்பதாக அவர்கள் காணும் உம்மி நபி என்று சொன்ன கையோடு அந்த ஆயத் என்ன சொல்கிறது? நன்மையை ஏவுவார், தீமையைத் தடுப்பார், நல்லவற்றை ஆகுமாக்குவார், அவர்கள் மேலிருந்த சுமைகளையும் விலங்குகளையும் இறக்குவார். அடையாளம் பண்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எழுத்தை எண்ணிப் பாருங்கள் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை.

பிறகு 17:20ஐ எண்ணை விட்டுவிட்டு, சொல்லை மட்டும் வைத்து வாசித்தோம். 'பேரக்தீ' நமது 'பாரக்து'தான். 'ஹிர்பேதீ' என்பதன் வேர், கூடுதலைக் குறிக்கும் 'ரிபா'வின் வேரோடு உறவுள்ளது. பன்னிரண்டுக்கு 'ஷ்னேம் அசார்', நாம் 'இஸ்னா அஷர்' என்கிறோம். இதெல்லாம் சின்ன மகிழ்ச்சி. பெரியது வசனத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. இஸ்மாயீல் என்ற பெயர் ஹீப்ருவில் 'யிஷ்மா ஏல்'; இறைவன் செவியேற்கிறான் என்று பொருள். அந்தப் பெயரைச் சொன்ன அடுத்த சொல்லே 'ஷெமாதீகா', உன்னைச் செவியேற்றேன், அரபில் 'ஸமிஃதுக'. பெயரும் பதிலும் ஒரே வேர். 16:11இல் ஹாஜர் அம்மையாரின் துயரம் கேட்கப்பட்டதால்தான் அந்தப் பெயரே வைக்கப்படுகிறது. 21:17இல் பாலைவனத்தில் பிள்ளையின் குரல் கேட்கப்படுகிறது. இரண்டு வசனத்துக்குள் தண்ணீரும் தென்படுகிறது. தாய், தகப்பன், பிள்ளை, மூன்று பேருடைய குரலுக்கும் அதே 'ஷமா'.

இப்போது சூரா இப்ராஹீம் 39ஆம் ஆயத்தைப் பாருங்கள். முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்ததற்காக இப்ராஹீம் நபி அல்லாஹ்வைப் புகழ்கிறார்கள். அங்கே அவர்கள் ரப்பை அழைக்கும் பெயர் 'ஸமீஉத் துஆ', பிரார்த்தனையைச் செவியேற்பவன். தந்தையும் மகனும் கஃபாவின் அத்திவாரத்தை உயர்த்தியபோது கேட்ட துஆவிலும் (2:127) முதலில் வருவது 'அஸ்ஸமீஉ'. ஹீப்ரு அறியாத உம்மி நபியின் நாவில், இஸ்மாயீலின் பெயர் வரும் இடத்தில் அந்தப் பெயரின் பொருள் வந்து நிற்கிறது. இதற்கு எதையும் கூட்டவோ கழிக்கவோ தேவையில்லை. நாற்பது வருடம் ஓதிய ஆயத்தில் எனக்கே இது புதிதாகக் கிடைத்தது.

"இத அந்த மனிசனிட்ட சொல்லலாமா?"

"சொல்லு. மற்ற ரெண்டையும் பிழையாத்தான் சொன்னன் எண்டு முதல்ல சொல்லிப்போட்டு, பிறகு இதச் சொல்லு."

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனபோது அந்த வயோதிபர் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டிருந்தார். துண்டு என்னிடம்தான் இருக்கிறது. மருமகன் லீவு கிடைக்கும் நாட்களில் வந்து ஹீப்ரு எழுத்துப் படிக்கிறான்; லாமெத் வரை வந்திருக்கிறோம்.