ஆளி ஒன்று, குதை இரண்டு

களனி கங்கையின் கிளையாறுகளான கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் மின்சாரம் தரவல்லவை என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். நோர்ட்டன் பிரிட்ஜ் அணைநீரால் இயங்கும் லக்சபான மின்நிலையம் 1950இல் தொழிற்படத் தொடங்கிற்று. ஆயினும், அதே மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் லயன் காம்பராக்கள் பலவற்றில் மின்விளக்கு எரியப் பல பத்தாண்டுகள் சென்றன.

தாமதமாக வந்த மின்சாரத்தைக் கருத்தோடு கையாளுதல் வேண்டும். வாசலருகே உள்ள ஆளி, கட்டிலருகே மேசைவிளக்குச் செருகப்படும் குதையைக் கட்டுப்படுத்துகிறது எனக் கொள்வோம். கட்டில் எதிர்ச்சுவருக்கு மாறிய பின், அங்குள்ள குதையை அவ்வாளி ஆள வேண்டும் என வீட்டார் விரும்புகின்றனர். சிறு மாற்றமே, ஆயினும் இதில் நேரும் பிழை உயிரைக் குடிக்கும்.

குதைக்கு வரும் கம்பிகள் மூன்று. 230 வோல்ட் அழுத்தமுடையது உயிர்க்கம்பி. சுற்றை நிறைவு செய்வது நொதுமற்கம்பி. கசியும் மின்னை நிலத்துக்குக் கடத்துவது புவிக்கம்பி. பழைய வீடுகளில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களிலும், புதியவற்றில் கபிலம், நீலம், பச்சை மஞ்சள் நிறங்களிலும் இருக்கும். முன்பு வேலை செய்தவர் நிறம் மாற்றிப் பொருத்தியிருக்கவும் கூடுமாதலால், நிறத்தை மட்டும் நம்பலாகாது.

ஆளிக்குள் நுழையும் கம்பியில் எந்நேரமும் மின் உண்டு. ஆளியிலிருந்து வெளிவரும் கம்பியிலோ, ஆளியைப் போட்டால் மட்டுமே மின் உண்டு. முதற் குதையின் உயிர்முனை வெளிவரும் கம்பியோடும், எதிர்ச்சுவர்க் குதையின் உயிர்முனை எந்நேரமும் மின்னுள்ள கம்பியோடும் இணைந்துள்ளன. இவ்விரு இணைப்புகளையும் ஒன்றுக்கொன்று மாற்றுவதே செய்யவேண்டிய வேலை. எதிர்ச்சுவர்க் குதைக்கு ஆளியிலிருந்து கம்பி செல்லவில்லையாயின், புதிதாக ஒன்று இழுக்க வேண்டும். நொதுமலும் புவியும் இருந்தபடியே இருக்கும்.

உயிர்க்கம்பிக்குப் பதிலாக நொதுமற்கம்பியை ஆளியின் வழியே விட்டாலும் விளக்கு அணையும், எரியும். ஆனால் அணைந்த விளக்கின் தாங்கியிலும் மின் நிற்கும். பனியும் மழையும் ஓயாத நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில், ஈரத் தரையில் நின்று குமிழை மாற்றுபவருக்கு அது எமனாகும்.

மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். 2,000 வாட் மின்கேத்தல் ஏறக்குறைய 9 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். விளக்குக்கென அமைந்த 5 அம்பியர் ஆளியும் மெல்லிய கம்பியும் அதைத் தாங்கமாட்டா, சூடேறித் தீப்பற்றலாம். ஆகவே, கேத்தலையோ சூடேற்றியையோ அத்தகைய ஆளியில் மாட்டலாகாது.

வேலைக்கு முன் பிரதான ஆளியை அணைத்து, கம்பிகளில் மின் இல்லையெனச் சோதித்தறிய வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை என எண்ணுவதும் தவறு. நிலத்துக்குக் கசியும் மின்னையே அது உணரும். உயிர்க்கம்பியையும் நொதுமற்கம்பியையும் ஒருங்கே தொடுபவரை அது காப்பாற்றாது. எனவே, இம்மாற்றத்தைத் தகுதி பெற்ற மின்தொழிலாளரிடம் விடுவதே நலம். வேலை முடிந்ததும் வீட்டார் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஆளியை அணைத்தால் அறுபடுவது உயிர்க்கம்பிதானா? அதைச் சோதித்துக் காட்டும்படி கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.